இரண்டு மார்க்குக்குக் கைதட்டியவள்

நம் பிசியோதெரபி அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகள் இருவருக்கும்,

முப்பத்திரண்டு வயதுக்காரி ஒருத்தி தன்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துக்கொள்ளுங்கள். என் கணவருக்கு மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. மகளுக்கு அங்கே பள்ளி பார்த்தாயிற்று. எனக்குத்தான் இன்னும் வேலை பார்க்கவில்லை. அது கிடைக்கும்வரை நான் ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவர்கள் அறிவுரை சொல்வது வழக்கம் என்பதால் எனக்கும் அந்த உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இல்லையென்றாலும் இந்தத் தாள்களை இங்கே வைத்துவிட்டுத்தான் போவேன்.

மின்சிகிச்சைக் கருவியில் எந்த ஒயர் தளர்ந்திருக்கிறது, இடுப்பை இழுத்துவிடும் கட்டிலில் எந்தக் கொக்கி சண்டித்தனம் செய்யும் என்பதெல்லாம் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. அதை இங்கே திரும்ப எழுதவில்லை. இது என் தப்பு ஒன்றைப் பற்றியது. அதனால் ஒரு பெண்ணின் வலது பாதம் செயலற்றுப் போகப் பார்த்தது. அந்தத் தப்பை நான் அசட்டையாகச் செய்யவில்லை. யோசித்து, அக்கறையோடு, லேமினேஷன் வரை போட்டுச் செய்தேன்.

கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது உங்களுக்கும் நினைவிருக்கும். வலியே இல்லையென்றால் பூஜ்ஜியம், இனித் தாங்கவே முடியாது என்றால் பத்து. வலியைக் கண்ணால் பார்க்க முடியாது, நாடா வைத்து அளக்கவும் முடியாது. அனுபவிப்பவர் சொல்வதுதான் அளவு. அதனால் ஒவ்வொரு முறையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பாடப் புத்தகத்தில் இது ஒரு பக்கம்கூட இல்லை. இந்த அறையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

நான் சேர்ந்த முதல் மாதம் முதுகு வலியோடு ஒரு லாரி ஓட்டுநர் வந்தார்.

"பத்துக்கு எத்தனை இருக்குங்கண்ணா?" என்றேன்.

"லோடோடவுங்களா, எம்ப்டியாவுங்களா?"

"நான் உங்க முதுகைக் கேக்கறனுங்க."

"நானும் அதத்தானுங்க சொல்றேன். லோடு இருந்தா வண்டி அமுங்கிப் போவும், குலுங்காது. மூணு. எம்ப்டின்னா தூக்கித் தூக்கிப் போடும். எட்டு."

நான் இரண்டையும் கூட்டி, பாதியாக்கி, ஐந்தரை என்று எழுதினேன். வலியைப் பற்றி இந்த அறையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல பதில் அதுதான் என்பது அப்போது தெரியவில்லை.

எண் சரிப்படவில்லை என்று முகப் படங்கள் போட்ட அட்டையைக் கொண்டு வந்தேன். சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் ஆறு முகங்கள். முழங்கால் வலிக்கு வந்த ஓர் அம்மாவிடம் நீட்டி, "இதுல எதுங்கம்மா உங்க முகம்?" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தாவது முகத்தில் விரலை வைத்து, "இது எங்க சம்மந்தியம்மா. அச்சு அசலுங்க" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத இன்னொருவர், "நமக்கு கணக்கு வராதுங்க அம்மிணி. நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக்கங்க" என்று பெருந்தன்மையாக எனக்கே விட்டுவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இது நாமக்கல். விடுதிப் பள்ளிகளின் ஊர். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் உங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால் பத்தாவதில் எத்தனை மார்க் என்று கேட்கிற ஊர். எண்ணே தெரியாது என்பவருக்குக்கூடப் பேத்தியின் கணக்கு மார்க் தெரியும். ஆகவே கேள்வியை மாற்றினேன். "வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

அற்புதமாக வேலை செய்தது. கேட்ட நொடியில் பதில் வந்தது. யாரும் விழிக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை பட்டை வரைந்து, மேலே "எத்தனை மார்க்?" என்று கொட்டை எழுத்தில் எழுதி, லேமினேஷன் போட்டுச் சுவரில் மாட்டினேன். நாளாக ஆக, கேள்வியும் சுருங்கியது. முதலில் பூஜ்ஜியம் என்றால் என்ன, பத்து என்றால் என்ன என்ற விளக்கம் போயிற்று. பிறகு "வலிக்கு" என்ற சொல்லும் போயிற்று. சிகிச்சை முடிந்து நோயாளி செருப்பு மாட்டும்போது, "எத்தனை மார்க்குங்கம்மா?" என்று மட்டும் கேட்பேன். இதில் என்ன கோளாறு என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் நல்லம்மாள் வந்தார். ஐம்பத்து நான்கு வயது. பரமத்தி வேலூர் பக்கம், காவிரிக் கரையில் ஊர். வெற்றிலையைத் தரம் பிரித்து அடுக்கிக் கட்டுகிற வேலை. காலையில் சம்மணம் போட்டுக் குனிந்தால் மதியம் வரை நிமிர முடியாது. இடுப்பில் தொடங்கிய வலி வலது தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை இறங்கியிருந்தது. முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்று நம் டாக்டர் சொன்னார். பாதத்தில் பலம் நன்றாக இருந்தது. அதனால் மூன்று வாரம் சிகிச்சை செய்து பார்ப்போம், வலி குறையாவிட்டாலோ கால் பலம் இழந்தாலோ உடனே ஸ்கேன் என்று முடிவாயிற்று. குறைகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது நான்.

நல்லம்மாள் மாதிரி ஒரு நோயாளி கிடைக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிடுவார். வரும்போது வாழைப்பழம் கொண்டுவருவார். மின்சிகிச்சை வைத்தால் மட்டும் பேரம் பேசுவார்.

"ஏனுங்க அம்மிணி, கரண்ட்ட இன்னுங் கொஞ்சம் எச்சா ஏத்துங்க. அத்தன தூரம் பஸ்ஸு ஏறி வந்திருக்கறனல்லங்க."

"இதுக்கு மேல ஏத்துனா சுடுங்கம்மா."

"சுடட்டுங்க. சுட்டாத்தான மருந்து புடிக்கும்?"

முதல் நாள் சிகிச்சை முடிந்ததும் கேட்டேன். "எத்தனை மார்க்குங்கம்மா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆறு போட்டுக்கங்க. மொத நாளுதான? போவப் போவப் பாப்போம்."

அடுத்த முறை ஐந்து. நான் முகம் மலர்ந்து, "சூப்பருங்கம்மா!" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்கடுத்து நான்கு. "பாத்தீங்களா, எப்படி எறங்குது!" என்றேன். அவர் என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்து, "நீங்க மனசு உட்டுறாதீங்க சாமி" என்றார். நல்ல மனுஷி, சும்மா ஆறுதல் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எதற்கு ஆறுதல் என்று யோசிக்கவில்லை.

நான்காவது முறை வந்தபோது காத்திருக்கும் இடத்தில் நின்றுகொண்டே இருந்தார். "உக்காருங்கம்மா" என்றேன். "இருக்கட்டுங்க, நிக்கறனுங்க" என்றார். இந்தப் பக்கத்து மரியாதை, டாக்டர் அறைக்கு எதிரே உட்காரக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். உள்ளே வரும்போது வாசலில் ஒரு செருப்பு கழன்று தங்கிவிட்டது. திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வந்தார். புதுச் செருப்பாக்கும் என்று நினைத்தேன். சிகிச்சை முடிந்து கேட்டபோது வெகுநேரம் தரையைப் பார்த்தார்.

"ரெண்டுங்க அம்மிணி" என்றார், மிகவும் வருத்தத்தோடு.

நான் கைதட்டினேன். நிஜமாகவே தட்டினேன். "ஆறுல இருந்து ரெண்டு! உங்களாட்டம் யாருமே இத்தனை சீக்கிரம் வரலீங்கம்மா!" என்றேன். டாக்டருக்கான குறிப்பில், வலி ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்துள்ளது என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் ஸ்கேனுக்கு அவசரமில்லை, பத்து நாள் கழித்துப் பார்க்கிறேன் என்று ஓரத்தில் எழுதினார்.

மறுநாள் காலை, என் மகளுக்கு வயிற்று வலி.

அவள் அப்போது எல்கேஜி. அன்று பள்ளியில் எல்லோர் முன்னாலும் பாட்டுச் சொல்ல வேண்டும் என்று டைரியில் எழுதியிருந்தது. அதற்கும் வயிற்று வலிக்கும் தொடர்பு இருக்கும் என்று எந்த அம்மாவுக்கும் தோன்றும். ஆனால் நிஜமாகவே வலியாக இருந்துவிட்டால் என்றும் தோன்றும். படுக்க வைத்து வலது பக்கம் அழுத்தினேன். இடது பக்கம் அழுத்தினேன். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். சந்தோஷமாகக் குதித்தாள்.

"சரி, எத்தனை மார்க் வலிக்குது?" என்றேன், பழக்கதோஷத்தில்.

"பத்துக்குப் பத்து!" என்றாள்.

உடனே விடுப்புச் சொல்ல போனைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் அவள் புறங்கையை நீட்டினாள். "ஸ்டார் போடும்மா."

"எதுக்கு ஸ்டார்?"

"பத்துக்குப் பத்து வாங்கினேன்ல?"

"பாப்பா, வலி நெறைய இருந்தாத்தான் பத்து. வலியே இல்லைன்னா முட்டை. உனக்கு வலி இருக்கா, இல்லையா?"

அவள் முகம் மாறிவிட்டது. "முட்டை போடாதம்மா. முட்டை வேணாம்" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். ஊரெல்லாம் லாரி லாரியாக முட்டை ஏற்றி அனுப்புகிறோம். பேப்பரில் மட்டும் அதை வாங்க இங்கே ஒருவருக்கும் மனசு வராது. வலியே இல்லை என்றாலும் பத்து வேண்டும், ஏனென்றால் பத்துதான் நல்லது. நான்கு வயதுப் பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது.

அவளை அழ அழப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். கொஞ்ச தூரத்தில் நிறுத்திவிட்டேன். மார்க் என்றால் அதிகம்தான் நல்லது. இந்த ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். அப்படியானால் நல்லம்மாள் இரண்டு போட்டது எதற்கு?

ஆறு, ஐந்து, நான்கு, இரண்டு. உட்காராமல் நின்றது. செருப்பு கழன்றது. மனசு விட்டுவிடாதீர்கள் என்று சொன்னது. நான் மார்க் கேட்டது வலிக்கு. அவர் மார்க் போட்டது எனக்கு.

மருத்துவமனைக்கு வந்ததும் முதலில் நான் செய்தது எனக்கு நானே சமாதானம் சொன்னதுதான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், நீங்களும் செய்வீர்கள். செருப்பு எல்லோருக்கும்தான் கழலும். குழந்தை சொன்னதை வைத்து ஒரு முடிவுக்கு வரலாமா? டாக்டர் அன்று ராசிபுரம் பக்கம் ஒரு முகாமுக்குப் போயிருந்தார். அவரை அழைத்து என்னவென்று சொல்வது? செய்தி எழுதி மூன்று முறை அழித்தேன். நான்காவது முறை எழுதுவதற்குப் பதிலாக நல்லம்மாள் வீட்டு எண்ணை அழுத்தினேன். அவர் கணவர் எடுத்தார்.

"அவளுங்களா? ஊட்லதானுங்க இருக்கறா. நேத்து உங்க ஆஸ்பத்திரில இருந்து வந்து படி ஏறையில தடுக்கி உழுந்துட்டாளுங்க. அடியொண்ணும் இல்லீங்க. காலு சொன்ன பேச்சுக் கேக்கலீங்கறா."

"ஐயா, ஒரு உதவிங்க. குதிகாலை மட்டும் ஊனி, முன்பாதத்தைத் தூக்கிட்டு நடக்க முடியுதான்னு பாக்கணும். இப்பவே பாத்துச் சொல்றீங்களா?"

"லைன்லயே இருங்க."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன். திரும்ப வந்து மூச்சு வாங்கினார்.

"வாசல் வரைக்கும் நடந்துட்டு வந்துட்டனுங்க. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க."

"நீங்க இல்லீங்க ஐயா! அவங்க!"

"அதையச் சொல்லோணுமல்லங்க மொதல்ல?" என்று அலுத்துக்கொண்டு, "ஏய், இங்க வா, டாக்டரம்மா நடக்கச் சொல்லுது" என்று குரல் கொடுத்தார். நான், போனைத் தரையருகே பிடிக்கச் சொன்னேன். சிமெண்டுத் தரையில் காலடிச் சத்தம் நன்றாகக் கேட்டது. இடது கால் சத்தமே இல்லாமல் இறங்கியது. வலது கால் ஒவ்வொரு முறையும் சப், சப் என்று விழுந்தது, ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்துவிட்டால் அப்படித்தான் கேட்கும். புத்தகத்தில் படித்திருந்தேன். போனில் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

நல்லம்மாளிடமே போனைக் கொடுக்கச் சொன்னேன். கேட்டே ஆக வேண்டிய இன்னொரு கேள்வி இருந்தது. கீழ்முதுகில் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்கினால் சிறுநீர் அடைபடும். அப்படியென்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாம் எப்பவும் போல போகுதுங்களா? அந்த எடத்துல மரத்த மாதிரி இருக்குதுங்களா?"

மெதுவாக, கணவருக்குக் கேட்காத குரலில், "அதெல்லாம் நல்லாப் போவுதுங்க சாமி. மரப்பு ஒண்ணும் இல்லீங்க" என்றார். "அதுக்கும் மார்க்குப் போடோணுங்களா?"

"வேண்டாங்கம்மா!" என்று கத்திவிட்டேன்.

டாக்டரை அழைத்தேன். முகாமில் கூட்டமான சத்தம். "சார், நான் நல்லம்மாளுக்கு எழுதின ரிப்போர்ட் தப்பு" என்றேன். எப்படித் தப்பு என்று சொன்னேன். மார்க், ஸ்டார், முட்டை எல்லாவற்றையும் அவசரத்தில் கலந்து சொன்னேன். பாதம் தொங்குவதை மட்டும் தெளிவாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

டாக்டர் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"எப்ப இருந்து?"

"தெரியலைங்க சார். முதல் நாள் பலம் பாத்தேன், நல்லா இருந்துச்சு. அப்புறம் மார்க் எறங்குதேன்னு காலைத் தொட்டே பாக்கலை."

"இப்பவே வண்டி வெச்சு வரச் சொல்லு. ஸ்கேன் எடுத்ததும் எனக்குப் படத்தை அனுப்பு. சேலத்துல ஆபரேஷனுக்கு நான் பேசி வெக்கறேன். உன்னைத் திட்டறது இருக்கு. அதை நாளைக்கு வெச்சுக்கலாம்."

மதியத்துக்குள் நல்லம்மாள் வந்துவிட்டார். ஸ்கேன் முடிந்து, சேலத்துக்குப் போக வண்டி வரும்வரை நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒருக்களித்துப் படுத்திருந்தார். அப்போது கேட்டேன்.

"வலி எச்சாகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களாம்மா?"

"சொன்னனல்லங்க! அஞ்சு போட்டேன், நாலு போட்டேன். வேறெப்படிங்க சொல்லுவாங்க? மூஞ்சிக்கு நேரா உங்க வைத்தியம் ஆவலீன்னா சொல்ல முடியும்? அந்த ஒத்தடத் துணி வெச்சு, கரண்ட்டு வெச்சு, எத்தன பாடுபடறீங்க."

"நான் சந்தோசப்பட்டனே, அப்ப என்ன நெனச்சீங்க?"

அவர் சிரிக்க முயன்றார். இடுப்பு இழுத்ததில் முகம் சுளித்தது. "நெசத்தச் சொல்லட்டுங்களா? பாவம், படிக்கையில எல்லாம் எத்தன கம்மியா வாங்கிச்சோ, அஞ்சுக்கே இந்தப் புள்ள இப்படிப் பூரிக்குதேன்னு நெனச்சனுங்க. ரெண்டுக்குக் கையத் தட்டுனீங்க பாருங்க, அன்னிக்கு ஒண்ணுதான் போடோணும்னு வந்தேன். மனசு வல்லீங்க."

பக்கத்தில் நின்ற அவர் கணவர், "எங்கிட்டவும் அதத்தானுங்க சொன்னா. நல்ல புள்ள, ஆனா படிப்பு சுமார்தானாட்ட இருக்குதுன்னு" என்று சேர்த்துச் சொன்னார்.

வண்டி வந்தது. அடுத்த நாள் காலையிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. பாதம் திரும்ப எழும் என்றும் சொல்லவில்லை, எழாது என்றும் சொல்லவில்லை. நரம்பு நசுங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்தது என்றார்கள். எத்தனை நாள் என்று சொல்ல வேண்டியவள் நான்தான்.

அந்த வாரம் எல்லா நோயாளிகளிடமும், "இத்தனை நாளா எதுக்கு மார்க் போட்டீங்க?" என்று ஒருவர் விடாமல் கேட்டேன். பெரும்பாலோர் வலிக்குத்தான் போட்டிருந்தார்கள். ஒருவர் கரண்ட் மிஷினுக்குப் போட்டிருந்தார். ஒருவர் அறையில் ஓடும் ஃபேனுக்கு. இன்னொருவர் டாக்டருக்குப் போட்டிருந்தார், அதுவும் நான்கு. திட்டுவதற்காக என்னைக் கூப்பிட்ட டாக்டரிடம் இதையும் சேர்த்துச் சொன்னேன். "நாலா? யாரு அது?" என்று அந்தப் பேச்சிலேயே பாதி நேரம் போய்விட்டது. மீதி நேரம் திட்டினார். நியாயமான திட்டு. எண்ணை எழுதியது தப்பில்லை, எண் கிடைத்ததும் காலைப் பார்க்காமல் விட்டதுதான் தப்பு என்றார். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். சுவரில் ஆணி மட்டும் ஏன் இருக்கிறது என்று கேட்டீர்களே, அங்கேதான் அந்த அட்டை இருந்தது.

எண் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. விளக்கிக் கேளுங்கள், திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதோடு, போன வாரம் செய்த எந்த வேலையை இந்த வாரம் செய்ய முடியவில்லை என்று கேளுங்கள். லாரி ஓட்டுநர் கேளாமலே சொன்னது அதுதான். எப்போது, எதைச் செய்யும்போது, எவ்வளவு. வலிக்கு அவரவர் வைத்திருக்கும் சொற்களை மாற்றாமல் எழுதுங்கள். கொடைச்சல் வேறு, கடுப்பு வேறு, சுருக்கென்று இழுப்பது வேறு, எறும்பு ஊர்வது போல இருப்பது வேறு. அந்தச் சொற்களிலேயே தசையா, மூட்டா, நரம்பா என்பதற்குப் பாதி விடை இருக்கிறது. நாமக்கல், பரமத்தி பக்கத்து ஆட்கள் "பரவாயில்லீங்க" என்றால் அதற்கு ஒன்றும் அர்த்தமில்லை. கூடவே கையால் தொட்டுப் பலத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும். நோயாளி நன்றாகச் சிரித்தால் இரண்டு முறை.

நல்லம்மாள் வாக்கரோடு திரும்ப என்னிடமே வந்தார். வேறு யாரிடமாவது போகிறீர்களா என்று நான் கேட்டேன். "ஏனுங்க, நீங்க வேலைய உட்டுட்டீங்களா?" என்று பதிலுக்குக் கேட்டார். முதல் வாரம் பாதம் அசையவில்லை. இரண்டாம் வாரமும் இல்லை. பாதம் தொங்காமலிருக்கப் பட்டை கட்டி நடக்கவைத்தேன். தசைக்கு மின்தூண்டுதல் கொடுத்தேன். கையால் பாதத்தைத் தூக்கி, "மனசுல நெனைங்க, தூக்கறேன்னு நெனைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் நெற்றி சுருங்கும், பாதம் அப்படியே கிடக்கும். அந்த நாட்களில் வீட்டில் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஸ்கேனை முதல் வாரத்திலேயே எடுத்திருந்தால் என்ற கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு விடை இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை பெருவிரல் மட்டும் துளி அசைந்தது. நான் நம்பவில்லை. என் ஆசைக்கு அப்படித் தெரிகிறது என்று நினைத்து, திரும்பச் செய்யச் சொன்னேன். திரும்பவும் அசைந்தது. அதற்கப்புறம் வாரம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக. நான்கு மாதம் கழித்து ஒருநாள் குதிகாலை ஊன்றி, முன்பாதம் தரையை விட்டு எழ நிற்க முடிந்தது. இடது பாதம் அளவுக்கு இல்லை. இனியும் முழுதாக வராமல் போகலாம். வரப்பில் நடக்கும்போது பார்த்துத்தான் நடக்க வேண்டும். ஆனால் சப் என்ற அந்தச் சத்தம் போய்விட்டது.

அன்று கட்டிலில் படுக்க வைத்து, அவர் பெருவிரல் மேல் என் கட்டைவிரலை வைத்துக் கீழே அழுத்தினேன். "தூக்குங்க பாக்கலாம்" என்றேன். தூக்கினார். என் விரலை எதிர்த்து, நடுங்காமல் தூக்கிப் பிடித்தார். தற்செயலாக இருக்குமோ என்று இன்னொரு முறை அழுத்தினேன். தூக்கினார். கோணம் மாற்றி இன்னொரு முறை. அழுத்தத்தைக் கூட்டி இன்னொரு முறை. எத்தனை முறை செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. நல்லம்மாள் சட்டென்று காலை உருவிக்கொண்டார்.

"உடுங்க அம்மிணி! நோவுது!" என்றார்.

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்ட பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் உடனே கையை எடுத்துவிட்டேன். அன்றைய தாளில் எண் எதுவும் போடவில்லை. "வலது பெருவிரல். நோவுது என்றார்" என்று எழுதி, அடியில் கோடு போட்டேன்.